நோட்டீஸில் போட்ட வடிகால்: மாநகராட்சித் தேர்தலில் ஒரு வார்டின் கதை

2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில், தென்சென்னையின் ஒரு வார்டில் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்று சுயேச்சை வேட்பாளரை நிறுத்தியது. அதன் முன்னும் பின்னும் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தப் பகுதியில் குடியிருப்பவன், சங்கச் செயற்குழுவில் ஓர் உறுப்பினர். யாருடைய பெயரும் வார்டு எண்ணும் தெருவும் இதில் இல்லை. வேட்பாளரின் சின்னத்தையும் சொல்லவில்லை. சொன்னால் பழைய பட்டியலைத் தேடி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பின்னணி

எங்கள் பகுதி 2011 வரை ஊராட்சி. அந்த ஆண்டு சென்னையைச் சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தபோது நாங்களும் உள்ளே போனோம். 155 வார்டாக இருந்த சென்னை 200 வார்டானது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. ஊராட்சிக் காலத்தில் தலைவர் வீடு எல்லோருக்கும் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் காலையில் டீக்கடையில் அவரைப் பிடித்துச் சொல்லிவிடுவார்கள். மாநகராட்சியான பிறகு வார்டு ஆபீஸ், ஏ.இ. (உதவிப் பொறியாளர்), மண்டல அலுவலகம் என்று ஆனது. எதை யாரிடம் சொல்வது என்று புரியவே நாளாயிற்று.

இடத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பிரதான சாலையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள். அதற்கு உள்ளே மனை போட்டுக் கட்டிய தனி வீடுகள் உள்ள நகர் (இனி நகர் என்று நான் சொல்வது இதைத்தான்). அதற்கும் கீழே ஏரிக்கரை: பட்டா இல்லாத சிறு வீடுகள், ஆட்டோ ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், எங்கள் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள். தரை இந்த வரிசையில்தான் சரிகிறது. மழைத் தண்ணீர் சாலையிலிருந்து நகருக்கு, நகரிலிருந்து ஏரிக்கரைக்கு, அங்கே ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழைந்து கால்வாய் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகும். வழியில் ஓர் இடம் அடைத்தாலும் தண்ணீர் மேலே ஏறும். முதலில் ஏறுவது ஏரிக்கரையில்.

கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் பழைய மன்றத்தின் காலமும் முடிந்தது. அப்புறம் 2022 வரை சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். ஜனநாயகம் இல்லாத காலம் என்று இதை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் சங்கத்துக்கு அது நல்ல காலம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நடுவில் கவுன்சிலர் இல்லாததால் அதிகாரிகள் சங்கச் செயலாளரிடம் நேரடியாகப் பேசினார்கள். மாநகராட்சியின் உதவி எண்ணான 1913-க்குப் போன் போட்டு, ‘நம்ம சென்னை’ செயலியில் படம் ஏற்றி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விடாமல் துரத்தினால் குப்பை லாரி வந்தது, தெருவிளக்கு எரிந்தது. இதற்குப் பொழுதும் போனும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஆளும் வேண்டும். அது மூன்றும் எங்களிடம் இருந்தது.

அந்த ஆண்டுகளில் சங்கத்துக்கு ஒரு நம்பிக்கை வளர்ந்தது. இந்த வார்டுக்காகப் பேசுவது நாம்தான் என்று. ஏரிக்கரையிலிருந்து அதுவரை ஒரு குடும்பம்கூடச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. சொந்த வீடு இருப்பவர்களுக்கே உறுப்பினர் தகுதி என்று எங்கள் விதியில் எழுதியிருக்கிறது.

2021 நவம்பர் 6 இரவு தொடங்கிய மழையில் நகரின் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் கார்கள் மூழ்கின. வாட்ஸ்அப் குழுவில் அன்று தொடங்கிய கோபம்தான் தேர்தல் வரை போனது.

ஆளை நிறுத்தும் முடிவு

2022 ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல், 7-ஆம் தேதி மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள், 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை. சென்னையின் 200 வார்டுகளில் 32 பட்டியலினத்தவருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. மீதியில் 84 பெண்கள் பொது. எங்கள் வார்டு அந்த 84-இல் ஒன்று.

செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. கட்சி வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் போதும் என்று ஒரு தரப்பு. பெண்கள் வார்டில் கட்சிகள் எப்படியும் வட்டச் செயலாளரின் மனைவியைத்தான் நிறுத்தும், போஸ்டரில் அவர் படம் இருக்கும், போனை எடுப்பது கணவராக இருக்கும், அதற்கு நாமே ஆள் நிறுத்தலாம் என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பு வென்றது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி ஒப்புக்கொண்டார். எல்லோரும் அவரை மேடம் என்போம். நேர்மையானவர், கணக்குத் தெரிந்தவர், தெருநாய்ப் பிரச்சினையில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியவர். டெபாசிட் 4,000 ரூபாயைச் சங்கம் கட்டவில்லை, அவரே கட்டினார். தேர்தலில் சங்கம் அதிகாரபூர்வமாக இறங்கலாமா என்று ஒரு சந்தேகம் இருந்ததால், ஆதரவு மட்டும் தருவதாகத் தீர்மானம் போட்டோம்.

பிட் நோட்டீஸை எழுதியது செயலாளரும் இன்னும் இருவரும். முதல் வாக்குறுதி: ‘நகரின் மூன்று தெருக்களில் அகலமான மழைநீர் வடிகால் கட்டி ஏரிக்கரைக் கால்வாயோடு இணைக்கப்படும்.’ 2021 மழையில் நனைந்தவர்கள் எழுதியது. அப்போது யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

பிரசாரத்தில் கண்டது

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது 7-ஆம் தேதி. பிரசாரம் ஓய்வது 17-ஆம் தேதி மாலை. அந்தப் பத்து நாளுக்குள் ஒரு முகத்தையும் ஒரு சின்னத்தையும் சேர்த்து ஜனங்கள் மனதில் பதியவைக்க வேண்டும். கட்சிச் சின்னங்கள் தாத்தா காலத்திலிருந்து சுவரில் இருப்பவை. சென்னை மாநகராட்சி வார்டு வேட்பாளருக்குச் செலவு வரம்பு 90,000 ரூபாய். நாங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஓர் ஆட்டோ, ஒரு ஒலிபெருக்கி, நோட்டீஸ், வீடு வீடாக நடை.

அடுக்குமாடிகளில் வரவேற்பு அமோகம். வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மைகள் கொட்டின. ஆனால் கதவைத் தட்டியபோது பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருந்தார்கள். கொரோனா மூன்றாம் அலை தணிந்துகொண்டிருந்த நேரம். ஐ.டி. வேலைக்காரர்கள் பலர் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சொந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு வாக்காளர் அட்டையே ஊரில்தான். குழுவில் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு இருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஏரிக்கரைக்கு இரண்டு மாலைகள் போனோம். மரியாதையாகப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள், நோட்டீஸை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இரும்மா” என்றார். ஓட்டுப் போடுவதாக அவர் சொல்லவில்லை என்பதை எங்களோடு வந்தவர்களில் ஒருவர் மட்டும் கவனித்தார்.

பணம் கொடுத்தார்கள் என்று பின்னால் பேச்சு எழுந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்ததாக என்னிடம் நேரில் சொன்னவரும் யாருமில்லை.

வாக்குப்பதிவும் முடிவும்

19-ஆம் தேதி சனிக்கிழமை. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா தொற்று உள்ளவர்களுக்கு. எங்கள் தெருவில் பெரிய சிக்கல், எந்த பூத் என்பது. 2011 தேர்தலுக்குப் பிறகு வார்டு எல்லைகள் மறுவரையறை ஆகிவிட்டன. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பள்ளிக்கே சிலர் போய்விட்டுத் திரும்பினார்கள். ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு பள்ளி, மனைவிக்கு இன்னொன்று. வெயில் ஏறியதும் சிலர் விட்டுவிட்டார்கள். கட்சிக்காரர்கள் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னால் பாகமும் வரிசை எண்ணும் எழுதிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் இருந்த இளைஞர் போனில் தேடிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குமேல் இணையம் இழுத்தது.

மாநிலம் முழுவதும் அறுபது சதவீதம் பேர் வாக்களித்தபோது சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

22-ஆம் தேதி முடிவு. தி.மு.க. 153, அதன் கூட்டணியில் காங்கிரஸ் 13, மற்றவர்களையும் சேர்த்து 178. அ.தி.மு.க. 15. சுயேச்சைகள் ஐந்து பேர். பா.ஜ.க., அ.ம.மு.க. தலா ஒன்று. எங்கள் வார்டில் ஆளும் கூட்டணியின் வேட்பாளர் தெளிவான வித்தியாசத்தில் ஜெயித்தார். மேடம் மூன்றாவது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காததால் டெபாசிட்டும் போனது.

மார்ச் 4 அன்று, கவுன்சிலர்கள் மட்டும் வாக்களிக்கும் மறைமுகத் தேர்தலில் ஆர். பிரியா மேயரானார். 28 வயது, சென்னையின் முதல் பட்டியலினப் பெண் மேயர். அந்த நாளின் பெருமையைக் குழுவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை, நாங்கள் எங்கள் தோல்வியைப் பேசிக்கொண்டிருந்தோம்.

நோட்டுப் புத்தகம்

குழுவில் அன்று இரவு வந்த விளக்கங்கள் இரண்டுதான். ஒன்று பணம். இன்னொன்று, ஜனங்களுக்குப் புரியவில்லை. இரண்டையும் கேட்டு எரிச்சலானவர் எங்கள் பொருளாளர். ஓய்வுபெற்ற தணிக்கையாளர், எண்ணிக்கை மையத்துக்கு ஏஜென்டாகப் போனவரும் அவர்தான்.

எண்ணிக்கையில் ஒவ்வொரு பூத்தின் இயந்திரமாகத் திறந்து பொத்தானை அழுத்துவார்கள். வேட்பாளர் வரிசைப்படி ஓட்டுகள் திரையில் ஓடும். மேசை அலுவலர் இயந்திரத்தைத் தூக்கிக் காட்டுவார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஏஜென்டுகள் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் பொருளாளர் நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டு போயிருந்தார். பூத் வாரியாக எல்லா வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் இருந்தது. ஒரு பூத்தை மட்டும் தவறவிட்டார். பக்கத்தில் நின்ற போட்டிக் கட்சி ஏஜென்ட் தன் தாளைக் காட்ட, அதைப் பார்த்து நிரப்பிக்கொண்டார்.

வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகத்தில் எந்தத் தெரு என்று போட்டிருக்கும். அதை வைத்துப் பூத்துகளைத் தெருக்களோடு பொருத்தினோம். அடுக்குமாடிகள் உள்ள பூத்துகளில் மேடத்துக்கு நல்ல பங்கு, ஆனால் பதிவான ஓட்டே குறைவு. நகரில் எல்லாக் கட்சிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரிந்திருந்தது. ஏரிக்கரை பூத்தில்தான் கூட்டம் அதிகம். அங்கே எங்களுக்கு ஒற்றை இலக்கம்.

அவ்வளவு மோசமாக ஏன் போனது என்று எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் கேட்டேன். அவர் ஏரிக்கரைக்காரர். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலேயே பதில் சொன்னார். “மேடம் நல்லவங்கதான் சார். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டுப் போகணும்னா யாரைக் கூப்பிடறது? வட்டம் வண்டியோட வரும்.” வட்டம் என்றது கட்சியின் வட்டச் செயலாளரை. கொஞ்சம் பொறுத்து, “அதுவும் இல்லாம, உங்க நோட்டீஸை எம் பொண்ணு படிச்சுக் காட்டுனா. உங்க தெருத் தண்ணிய எங்க வாசல்ல விடறதுக்கு நாங்க ஓட்டுப் போடணுமா?”

நோட்டீஸை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று தெருவின் தண்ணீரை அகலமான வடிகாலில் வேகமாகக் கொண்டுபோய் ஏரிக்கரைக் கால்வாயில் சேர்ப்பது. சிறுபாலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் சிறுபாலம் அடைத்திருக்கும்வரை நகர் காய்ந்தால் ஏரிக்கரை மூழ்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒரு தடவை வாசித்ததும் அந்த வீட்டுக்கு விளங்கிய விஷயம் இது.

அவர் சொன்ன முதல் காரணத்தையும் லேசாக விட முடியாது. 2011-இல் எங்களுக்கு இரண்டு ஓட்டு இருந்தது, மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. 1996-இல் மு.க. ஸ்டாலினும் 2011-இல் சைதை துரைசாமியும் அப்படி நேரடியாக மேயரானவர்கள். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் அது மறைமுகத் தேர்தலாயிற்று. 2022-இல் இருந்தது ஒரே ஓட்டு. கவுன்சிலரும் மேயரும் மாநில அரசும் ஒரே வரிசையில் இருந்தால் வேலை நடக்கும் என்று ஏரிக்கரை கணக்குப் போட்டது. என்னைக் கேட்டால் அது சரியான கணக்கு. ஏமாந்த ஜனம் என்று குழுவில் எழுதியவர்களைவிடத் தெளிவாக யோசித்தவர்கள் அவர்கள்.

அடுத்து எடுத்த முடிவுகள்

மார்ச் செயற்குழுவில் மூன்று விஷயங்கள் முடிவாயின. மூன்றிலும் ஒருமனதாக எதுவும் நடக்கவில்லை.

முதலாவது, தேர்தலைப் பற்றிப் புகார் எதுவும் எழுதுவதில்லை. ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, புதிய கவுன்சிலரைப் போய்ப் பார்ப்பது. தோற்ற கையோடு சால்வை தூக்கிக்கொண்டு போவதா என்று செயலாளர் எழுந்து போய்விட்டார். ஆனாலும் போனோம், மேடமும் வந்தார். வரவேற்றுப் பேசியதெல்லாம் கவுன்சிலரின் கணவர். அண்ணே அண்ணே என்று எங்களில் சிலரும் அவரிடமே பேசிக்கொண்டிருந்தபோது, மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கவுன்சிலரைப் பார்த்து, “உங்களுக்கு எந்த நேரம் வசதி, எந்த நம்பர்ல பேசணும்?” என்று கேட்டார். அந்த அம்மா கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் எண்ணைச் சொன்னார். அதிலிருந்து சங்கத்தின் கடிதங்கள் அவர் பெயருக்கே போகும், நகல் ஏ.இ.க்கு, கையோடு முத்திரை வாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். தேர்தலுக்கு முன் எங்களிடம் நேரடியாகப் பேசிய அதிகாரிகள் இப்போது எதற்கும், “கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்” என்றார்கள். ஆகவே இது வெறும் மரியாதைக்காக எடுத்த முடிவல்ல. எங்களுக்கு வேறு வழியில்லை.

மூன்றாவது, வடிகால் கோரிக்கையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு முதலில் சிறுபாலத்தைக் கேட்பது. இதற்குத்தான் எதிர்ப்பு கடுமை. நம் சந்தாவில் நடக்கும் சங்கம் நம் தெருவை விட்டுவிட்டு அங்கே வேலை கேட்குமா என்றார்கள். தண்ணீர் போகும் வழியில் முதல் அடைப்பு அங்கே இருக்கிறது என்று பொருளாளர் படம் வரைந்து காட்டினார். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதற்கு நடுவில் ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. 2011-இல் சேர்ந்த எங்களைப் போன்ற பகுதிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பழைய சென்னைக்கு இன்னும் அதிகம். தேர்தல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. குழு கொதித்தது. கவுன்சிலரிடம் கேட்டதற்கு, இது மாநில அளவில் எடுத்த முடிவு, என் கையில் இல்லை என்றார். அது உண்மைதான். ஆனால் இந்த அறிவிப்பு வாக்குப்பதிவுக்கு முன்னால் வந்திருந்தால் எங்கள் அடுக்குமாடிகளிலிருந்து இன்னும் நிறையப் பேர் பூத்துக்கு நடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பகுதி சபையும் சிறுபாலமும்

2022-இல் அரசு வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் முதன்முறையாக, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடின. கிராம சபை ஊராட்சிக்காரர்களுக்குப் பழக்கம். எங்கள் பகுதியில் பழைய ஆட்கள், “பதினோரு வருஷத்துக்கு அப்புறம் மறுபடி கிராம சபை” என்றார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் மனுவைத் தட்டச்சு செய்தோம். ஒரே கோரிக்கை: சிறுபாலத்தை அகலப்படுத்துவது, அதன் அடியில் குறுக்கே போகும் குழாயையும் கேபிளையும் நகர்த்துவது. அதை எடுத்துக்கொண்டு முதலில் ஏரிக்கரைக்குப் போனோம். எங்கள் வீட்டு அக்காதான் வீடு வீடாகக் கூட்டிப்போனார். மனுவின் முதல் பக்கம் முழுக்க அவர்கள் கையெழுத்து, சங்கத்துக்காரர்கள் கையெழுத்து அடுத்த பக்கத்தில். கூட்டத்திலும் பேசியது ஏரிக்கரைப் பெண்கள் இருவர். அவர்களில் ஒருவர் கட்சியின் பூத் கமிட்டியில் இருந்தவர். அவர் பேசுவதைக் கவுன்சிலர் தட்டவும் முடியாது, கணவர் குறுக்கிடவும் முடியாது.

ஏ.இ. வந்து பார்த்தார். பாலத்தின் வாயில் பாதியைக் குழாயும் கேபிள் கற்றையும் அடைத்திருந்தன. மீதியில் பிளாஸ்டிக் பை, தெர்மாகோல், ஒரு பழைய மெத்தை. மெத்தையை அன்றைக்கே எடுத்தார்கள். குழாய் ஒரு துறை, கேபிள் இன்னொரு துறை. இரண்டு பக்கமும் கடிதம் போய்வந்து கோடை வந்துவிட்டது. நாங்கள் எழுதியதைவிடக் கவுன்சிலர் மண்டலக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப எழுப்பியதுதான் வேலை செய்தது. எங்கள் வேட்பாளர் ஜெயித்திருந்தால் தனி ஆளாக அங்கே இதைச் சாதித்திருப்பாரா என்று பொருளாளர் ஒரு முறை கேட்டார். மேடமே, “மாட்டேன்” என்றார். கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டுக்கு அப்போது ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதியும் சேர்ந்து 2023 மழைக்கு முன் பாலம் அகலமானது.

மிக்ஜாம்

டிசம்பர் 4 வந்த புயல் மழைக்கு எங்கள் பாலம் ஒரு பொருட்டே இல்லை. சதுப்பு நிலமே நிரம்பி நின்றது. கீழே போக இடமில்லாத தண்ணீர் ஏரிக்கரையிலும் நகரிலும் ஏறியது. சிறுபாலத்தால் பகுதி தப்பியது என்று சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஒருவர் எழுத முயன்றார், அதை நீக்கிவிட்டோம். தப்பவில்லை. சதுப்பு நிலத்தின் மட்டம் இறங்கத் தொடங்கியதும் ஏரிக்கரைத் தெருக்கள் 2021-ஐவிடச் சீக்கிரம் வடிந்தன என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அளந்து பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.

அந்த நாட்களில் வேறொன்று நடந்தது. எந்த மாடியில் தனியாக இருக்கும் முதியவர்கள், யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின் என்ற பட்டியல் சங்கத்திடம் இருந்தது. ஆளும் கயிறும் டிராக்டரும் கட்சிக்காரர்களிடம் இருந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. பட்டியலைத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தோம். பால் தட்டுப்பாட்டில் நகரமே திண்டாடியபோது பாக்கெட்டுகள் முதலில் அந்தத் தாளின்படிதான் போயின. கவுன்சிலர் பள்ளிக்கூட முகாமில் சமையல் பக்கம் நின்றார். அவர் கணவரைக் கேட்காமல் முடிவெடுப்பதை முதல் தடவை அங்கேதான் பார்த்தேன். முகாமுக்கு வந்த அரிசி மூட்டைகளில் பாதியை இன்னொரு பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். கணவர் ஏதோ சொல்ல வந்தார். “அங்க ஜனம் அதிகம்” என்று கவுன்சிலர் அதோடு முடித்துவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு

2024 தொடக்கத்தில் பொதுக்குழு கூடியது. இனி வேட்பாளரை நிறுத்துவதில்லை என்று முடிவானது. செயலாளர் எதிர்த்து வாக்களித்ததோடு தன் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் எழுதவும் சொன்னார். நல்லவர்கள் ஒதுங்கினால் வட்டச் செயலாளர்களின் குடும்பம்தான் மாறி மாறி வரும் என்பது அவர் வாதம். அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

வேட்பாளர் எல்லோரையும் ஒரே மேடைக்கு அழைப்பது. அதை அடுக்குமாடியின் ஹாலில் வைக்காமல் ஏரிக்கரைப் பள்ளி மைதானத்தில் வைப்பது. எந்த வேலையைக் கேட்டாலும் அதனால் தண்ணீர் எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் காட்டாமல் கோரிக்கையாக எழுதுவதில்லை. இந்த மூன்றும் சுலபமாக நிறைவேறின.

வாக்காளர் பட்டியல் வேலையை ஒரு தனிக் குழுவிடம் கொடுத்தோம். ஆண்டுதோறும் திருத்த முகாம் நடக்கும்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு படிவம் 6, வீடு மாறியவர்களுக்கு படிவம் 8 என்று மாடி மாடியாக ஏறி வாங்குகிறார்கள். பூத் எது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் அச்சிட்ட சீட்டில் கொடுப்பதாகவும் திட்டம், தேர்தல் நாளில் போனை நம்பாமல் இருக்க. அதிகம் ஒத்துழைப்பது வாடகைக்கு இருப்பவர்கள். சங்கத்தில் உறுப்பினராக முடியாதவர்களும் அவர்களே.

ஆகவே விதியைத் திருத்தி வாடகைக்காரர்களையும் ஏரிக்கரைக் குடும்பங்களையும் சேர்க்கும் தீர்மானம் வந்தது. சந்தாவைக் குறைப்பது அதன் ஒரு பகுதி. விதித் திருத்தத்துக்குத் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களில் நகர்க்காரர்கள் அதிகம், சிறுபாலத்துக்கு வாக்களித்த இருவரும் அதில் உண்டு. மேடம் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அதையே மறுபடி கொண்டுவருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.